பிரைவேட் லிமிடெட் ஆரம்பித்து ஐந்து மாதம்: கணக்கை ஆடிட்டர் பார்த்துக்கொள்வாரா?

கேள்வி இதுதான்: மார்த்தாண்டம் பக்கம் மூன்று பேர் சேர்ந்து முந்திரிப் பருப்புத் தொழிலுக்காக பிரைவேட் லிமிடெட் கம்பெனி பதிவு செய்து ஐந்து மாதம் ஆகிறது. பில்லும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் பத்திரமாக இருக்கின்றன. மார்ச் முடிந்ததும் எல்லாவற்றையும் ஆடிட்டரிடம் கொடுத்தால் போதுமா, நாமே கணக்கு எழுத வேண்டுமா, எழுதுவதென்றால் என்னென்ன எழுத வேண்டும்?

போதாது. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 128-ஆம் பிரிவு கணக்குப் புத்தகம் வைக்கும் கடமையைக் கம்பெனியின் மீதுதான் வைத்திருக்கிறது. அதே சட்டத்தின் 144-ஆம் பிரிவின்படி, உங்கள் கம்பெனியைத் தணிக்கை செய்யும் ஆடிட்டர் உங்களுக்குக் கணக்கு எழுதித் தரவே கூடாது. எழுதியவரே சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை என்பதுதான் காரணம். அதனால் ஆட்கள் இரண்டு: கணக்கு எழுத ஒருவர், தணிக்கைக்கு ஒருவர். எழுதுபவர் உங்கள் சம்பள ஆளாக இருக்கலாம், மாதத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்ட பகுதி நேரக் கணக்கராகவும் இருக்கலாம். தனி ஆள் வியாபாரத்தில் இருந்து கம்பெனிக்கு மாறியவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். விற்றுமுதல் ஒரு ரூபாயாக இருந்தாலும், வியாபாரமே நடக்காவிட்டாலும், கம்பெனிக்கு வருஷா வருஷம் தணிக்கை உண்டு.

ஐந்து மாதம் ஆகிவிட்டது என்பதால் முதலில் ஒன்றைப் பாருங்கள். பங்குதாரர்கள் தங்கள் பங்குப் பணத்தைக் கம்பெனியின் வங்கிக் கணக்கில் போட்டு, பதிவான 180 நாளுக்குள் ஐ.என்.சி.-20ஏ (வியாபாரம் தொடங்குவதை அறிவிக்கும்) படிவம் தாக்கல் செய்திருக்க வேண்டும். அது இல்லாமல் வியாபாரம் தொடங்கவே கூடாது. தவறினால் கம்பெனிக்கு அபராதம் 50,000 ரூபாய், டைரக்டர் ஒவ்வொருவருக்கும் நாளுக்கு 1,000 ரூபாய் வீதம் ஒரு லட்சம் வரை. முதல் ஆடிட்டரை 30 நாளுக்குள் டைரக்டர்கள் கூட்டத்தில் நியமித்திருக்க வேண்டும். அந்தத் தீர்மானம் மினிட்ஸ் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி கணக்கு. சட்டம் இரண்டு நிபந்தனை போடுகிறது. ஒன்று, இரட்டைப் பதிவு முறை, அதாவது ஒவ்வொரு நடவடிக்கையையும் ஒரு தலைப்பில் பற்றாகவும் இன்னொரு தலைப்பில் வரவாகவும் எழுதுவது. மற்றது, பணம் கைக்கு வந்த தேதியை விட்டுவிட்டு, வரவோ செலவோ எந்தக் காலத்துக்கு உரியதோ அந்தக் காலத்தில் எழுதுவது. மார்ச் 25-இல் பாறசாலை வியாபாரிக்குப் பருப்பு அனுப்பி, பணம் ஏப்ரல் 20-இல் வந்தால் விற்பனை மார்ச் கணக்கில்தான் ஏறும். மார்ச் 31-இல் அவர் உங்களுக்குப் பணம் தர வேண்டியவர். ஏப்ரலில் வரும் மார்ச் மாதக் கரண்ட் பில்லும் மார்ச் செலவுதான். வங்கிப் பாஸ்புக்கை மட்டும் பார்த்து எழுதினால் இந்த இரண்டும் விட்டுப்போகும், லாபம் தப்பாக வரும்.

இரட்டைப் பதிவைக் கண்டு மலைக்க வேண்டாம். டேலி போன்ற மென்பொருள் பேரேட்டையும் (தலைப்பு வாரியான கணக்கு) டிரையல் பேலன்ஸையும் (எல்லாத் தலைப்பின் இருப்புப் பட்டியல்) தானே போட்டுவிடும். ஆனால் எது பற்று (டெபிட்), எது வரவு (கிரெடிட்) என்பது எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் தொழிலில் இருந்தே ஒரு பதிவைப் பார்ப்போம். திற்பரப்புப் பக்கத்து விவசாயி ஒருவரிடம் 500 கிலோ பச்சைக் கொட்டை, உதாரணத்துக்குக் கிலோ 130 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். கொள்முதல் கணக்கில் 65,000 பற்று, விவசாயி பெயரில் 65,000 வரவு. பணம் கொடுத்ததும் விவசாயி பெயரில் பற்று, ரொக்கத்தில் வரவு. பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். தோல் உடைக்காத முந்திரிக்கொட்டையை விவசாயியிடம் இருந்து பதிவு பெற்ற வியாபாரி வாங்கினால் ஜி.எஸ்.டி.யை வாங்குபவரே கட்ட வேண்டும். ரிவர்ஸ் சார்ஜ் என்பது இதுதான். 5 சதவீதம், அதாவது 3,250 ரூபாய். உள்ளீட்டு வரியில் (வாங்கும்போது கட்டி, விற்கும்போது கழித்துக்கொள்ளும் வரி) 3,250 பற்று, கட்ட வேண்டிய வரியில் 3,250 வரவு. இந்த வரியைக் கையிருப்பு வரிக்கடனில் கழிக்க முடியாது, பணமாகவே கட்ட வேண்டும். கட்டிய பிறகு அதையே உள்ளீட்டு வரியாக எடுத்து, பருப்பு விற்ற வரியில் கழித்துக்கொள்ளலாம். கடைசியில் கையை விட்டுப் போவது ஒன்றுமில்லை. ஆனால் எழுதாமல் விட்டு இரண்டு வருஷம் கழித்து நோட்டீஸ் வந்தால் 18 சதவீத வட்டியோடு கட்ட வேண்டிவரும். விவசாயி பில் தரமாட்டார் என்பதால் சரக்கு வந்த 30 நாளுக்குள் நீங்களே உங்கள் பெயரில் ஒரு பில் போட்டுக்கொள்ள வேண்டும். 2024 நவம்பர் 1 முதல் அப்படித்தான் விதி.

யாரிடம் வாங்கினோம் என்று எழுதுவது இங்கே வெறும் சடங்கு இல்லை. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் ஏற்கமாட்டார்கள். விளைவித்த விவசாயியிடமே நேராக வாங்கினால் மட்டும் இதற்கு விலக்கு உண்டு. அவரிடம் வாங்கிச் சேர்த்து விற்கும் இடைவியாபாரிக்கு அந்த விலக்கு இல்லை. இடைவியாபாரியிடம் வாங்கும்போது மேலே சொன்ன ரிவர்ஸ் சார்ஜும் வராது. குளச்சல், முட்டம் துறைகளில் மீன் எடுப்பவர்களுக்கும் ரொக்க விதியில் இதே பிரிவினைதான்: வள்ளத்துக்காரரிடம் நேராக எடுத்தது ஒரு கணக்கு, தரையில் நிற்கும் வியாபாரியிடம் எடுத்தது வேறு கணக்கு. ஆகவே கொள்முதல் சிட்டையில் பெயர், ஊர், போன் நம்பர், சொந்த விளைச்சலா வியாபாரியா என்ற குறிப்பு, எடை, விலை, கையெழுத்து ஏழும் இருக்க வேண்டும். விவசாயியாக இருந்தாலும் ஒரே நாளில் 2 லட்சம் ரூபாய் ரொக்கத்தைத் தொடக்கூடாது. அந்த ரொக்கத்தைப் பெற்றுக்கொண்டவருக்கு அதே தொகை அபராதம் வரும்.

வருஷக் கடைசியில் யாராலும் திரும்ப உண்டாக்க முடியாத கணக்குகள் இரண்டு: ரொக்கமும் சரக்கும். வங்கி நடவடிக்கையை ஸ்டேட்மென்ட்டில் இருந்து எப்போது வேண்டுமானாலும் எழுதிவிடலாம். பெட்டியில் அன்று மாலை எவ்வளவு இருந்தது, குடோனில் எத்தனை மூட்டை கிடந்தது என்பதை அன்றே எழுதாவிட்டால் பிறகு எழுதுவது கற்பனைதான். ரொக்கத்துக்கு நம் ஊர்ப் பழைய நாள்வழிப் புத்தகம் போதும்: காலை இருப்பு, வரவு, செலவு, மாலை இருப்பு. மாலையில் பெட்டியை எண்ணி அந்த இருப்போடு ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பின்னால் சேர்த்து எழுதுபவர்களின் கணக்கில் எப்போதும் வரும் கோளாறு, நடுவில் ஏதாவது ஒரு நாள் ரொக்க இருப்பு மைனஸில் போவது. பெட்டியில் இல்லாத பணத்தைச் செலவழிக்க முடியாது. எனவே எழுதாத விற்பனை ஏதோ இருக்கிறது என்றுதான் அதிகாரி எடுத்துக்கொள்வார்.

சரக்குக் கணக்கு அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) நடத்துபவர்களுக்கு இன்னும் முக்கியம், ஏனென்றால் வாங்கும் பொருள் வேறு, விற்கும் பொருள் வேறு. தொழிலில் அவுட்டர்னை 80 கிலோ மூட்டைக்கு இத்தனை பவுண்டு பருப்பு என்று சொல்வது வழக்கம். 48 பவுண்டு என்றால் சுமார் 21.8 கிலோ, எடையில் 27 சதவீதம். 125 மூட்டை, அதாவது 10,000 கிலோ கொட்டையில் இருந்து சுமார் 2,720 கிலோ பருப்பு வர வேண்டும். பில் போட்டு விற்றது 2,300 கிலோ, கையில் இருப்பது 150 கிலோ என்றால் மீதி 270 கிலோ எங்கே? கொட்டை தரம் குறைவாக இருந்திருக்கலாம், ஈரத்தோடு வந்து காய்ந்ததில் எடை இறங்கியிருக்கலாம், பூச்சி அரித்திருக்கலாம். எல்லாமே நியாயமான காரணங்கள், ஆனால் லாட் வாரியாக எழுதியிருந்தால்தான் நிற்கும். ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: வந்த எடை, காய்ந்த பின் எடை, அவித்தது, உடைத்தது, தோல் உரித்த பின் கிடைத்த பருப்பு, அதில் 240, 320 என்று (ஒரு பவுண்டுக்கு இத்தனை பருப்பு என்ற தரம்) முழுப் பருப்பு எவ்வளவு, பிளவு எவ்வளவு, நொறுங்கல் எவ்வளவு, கழிவு எவ்வளவு. எண்ணெய் எடுப்பவர்களுக்கு விற்கும் மேலோட்டுக்கும் பில் போட வேண்டும். அதை ரொக்கமாக வாங்கிச் சில்லறைச் செலவுக்கு வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் பரவலாக நடக்கும் தவறு. கொட்டை எடையில் பெரும்பங்கு ஓடுதான் என்பதால் அதன் விற்பனை கணக்கில் இல்லாவிட்டால் பளிச்சென்று தெரியும்.

மார்ச் 31 மாலை குடோனில் உள்ளதை எடை போட்டு, தரம் வாரியாக எழுதி, டைரக்டர் கையெழுத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். அடக்க விலை, விற்றால் கிடைக்கும் விலை இரண்டில் எது குறைவோ அதுதான் இருப்பின் மதிப்பு. வங்கியில் கேஷ் கிரெடிட் (சரக்கை ஈடாகக் காட்டி வாங்கும் கடன்) வாங்கியிருந்தால் மாதாமாதம் சரக்கு விவரம் கொடுப்பீர்கள். லிமிட் குறையக்கூடாது என்று அங்கே இருப்பைக் கூட்டிக் காட்டுவது இப்போது ஆபத்து. வங்கிக்குக் கொடுத்த விவரமும் கணக்குப் புத்தகமும் ஒத்துப்போகின்றனவா என்பதை நிதிநிலை அறிக்கையிலேயே வெளிப்படுத்த வேண்டும்.

நம் மாவட்டத்துக்கே உள்ள பிரச்சினை எல்லை. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கடைக்கு விற்றாலும் மாநிலம் விட்டு மாநில விற்பனைதான். வரிக்குரிய சரக்கை வெளிமாநிலத்துக்கு விற்றால் விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை பதிவு வேண்டாம் என்ற வரம்பெல்லாம் செல்லாது, முதல் பில்லில் இருந்தே ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். விற்றுமுதலில் சிறு சதவீதம் மட்டும் வரி கட்டும் காம்போசிஷன் திட்டத்திலும் இருக்க முடியாது. நாகர்கோவில் வியாபாரிக்குப் போடும் பில்லில் சி.ஜி.எஸ்.டி.யும் (மத்திய அரசு வரி) எஸ்.ஜி.எஸ்.டி.யும் (மாநில அரசு வரி); நெய்யாற்றின்கரை வியாபாரிக்கு ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலம் தாண்டும் விற்பனை வரி) மட்டும். மாற்றிப் போட்டுவிட்டால், கட்டிய வரியைச் சரியான தலைப்பில் இன்னொரு முறை கட்டிவிட்டுப் பழையதைத் திரும்பக் கேட்க வேண்டும். வட்டி இல்லை, ஆனால் பணம் மாதக்கணக்கில் முடங்கும். கன்னியாகுமரியில் சில்லறைக் கடையும் வைத்திருந்தால், பதிவு பெறாத வெளியூர்க்காரருக்கு விற்கும்போது பில்லில் அவருடைய மாநில முகவரியை எழுதினால் அந்த மாநிலத்து விற்பனை. எழுதாவிட்டால் உங்கள் ஊர் விற்பனை. 2023 அக்டோபர் முதல் இப்படி.

சரக்கு அனுப்பும்போது இணையத்தில் எடுக்கும் இ-வே பில்லிலும் இரண்டு அளவு: தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல், கேரளத்துக்கு 50,000-க்கு மேல். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கொல்லத்துக் கம்பெனியின் கொட்டையை நீங்கள் உடைத்துக் கொடுத்தாலோ, உங்கள் கொட்டையைக் கேரளத்தில் உடைக்கக் கொடுத்தாலோ, மாநிலம் தாண்டும் ஜாப் ஒர்க் என்பதால் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் வேண்டும், டெலிவரி சலானும் வேண்டும். அடுத்தவர் சரக்கை உங்கள் இருப்பில் சேர்க்கக்கூடாது. அதற்குத் தனிப் பதிவேடு போடுங்கள். ஒரு வருஷத்துக்குள் திரும்பாத சரக்கு, அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதப்படும்.

குடோன் வாடகையையும் கவனியுங்கள். உரிமையாளர் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர் என்றால் 2024 அக்டோபர் 10 முதல் அந்த வாடகைக்கு 18 சதவீதம் வரியை நீங்கள்தான் ரிவர்ஸ் சார்ஜில் கட்ட வேண்டும். மாதாமாதம் 14-ஆம் தேதி வரும் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி-யை (உங்களுக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியல்) கொள்முதல் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கும் வழக்கத்தையும் இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். விற்றவர் தன் ரிட்டர்னில் காட்டாத பில்லுக்கு உங்களுக்கு வரிக்கடன் கிடைக்காது. அந்த மாதமே தெரிந்தால் போனில் கேட்டு வாங்கிவிடலாம், வருஷம் தாண்டினால் அவரைத் தேடி அலைய வேண்டும். ஜி.எஸ்.டி.ஆர்.-1 (விற்பனை விவரம்) தாக்கலுக்கு 11-ஆம் தேதி, 3பி-க்கு (வரி கட்டும் ரிட்டர்ன்) 20-ஆம் தேதி. காலாண்டு முறை எடுத்திருந்தால் இவை 13, 22.

இனி டைரக்டர்களின் பணம். குடும்பத் தொழில் போல நடக்கும் கம்பெனிகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். கம்பெனி பணம் உங்கள் பணம் இல்லை. அது உங்களுக்கு வரும் வழிகள் சில மட்டுமே: சம்பளம், லாபப் பங்கு, கம்பெனிக்காகச் செய்த செலவை பில் காட்டித் திரும்பப் பெறுவது, முன்பு கொடுத்த கடனைத் திரும்ப வாங்குவது. மகள் ஸ்கூல் ஃபீஸைக் கம்பெனி கணக்கில் இருந்து கட்டினால் அது கம்பெனி உங்களுக்குக் கொடுத்த கடனாக நிற்கும். பத்து சதவீதத்துக்குக் குறையாமல் பங்கு வைத்திருப்பவருக்கு இப்படிப் போன பணத்தை, கம்பெனியிடம் சேர்ந்திருக்கும் லாப அளவுக்கு, டிவிடெண்டாக எடுத்து வரி போடலாம். டைரக்டருக்குக் கடன் கொடுப்பதற்குக் கம்பெனிச் சட்டத்திலும் கட்டுப்பாடு உண்டு.

உள்ளே வரும் பணத்துக்கும் விதி உண்டு. டைரக்டர் கடன் கொடுக்கலாம். இது நான் வேறு இடத்தில் கடன் வாங்கிக் கொடுக்கும் பணமில்லை என்று எழுதித் தர வேண்டும். டைரக்டரின் உறவினரும் அப்படியே எழுதிக்கொடுத்துக் கடன் தரலாம். ஆனால் சட்டம் சொல்லும் உறவினர் பட்டியலில் கணவன், மனைவி, அப்பா, அம்மா, பிள்ளைகள், மருமகன், மருமகள், உடன்பிறந்தவர்கள், கூட்டுக் குடும்பத்து உறுப்பினர்கள் மட்டுமே. துபாயில் இருக்கும் மச்சான் அதில் இல்லை, மாமனாரும் இல்லை. நம் மாவட்டத்தில் தொழிலுக்கான முதல் பல வீடுகளில் வளைகுடாவில் இருந்துதான் வருகிறது. மச்சான் ஐந்து லட்சத்தை நேராகக் கம்பெனி கணக்கில் அனுப்பிவிட்டால் அது அனுமதியில்லாத டெபாசிட் ஆகிவிடலாம். அவருக்குப் பங்கு கொடுப்பதாக இருந்தால் பணம் வந்த 60 நாளுக்குள் ஒதுக்கியாக வேண்டும். வெளிநாட்டு முதலீட்டுக்கான அந்நியச் செலாவணி விதிகள் வேறு. பணம் வரும் முன்னே ஆடிட்டரிடம் கேளுங்கள். கடன் எதையும் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவும் கூடாது, ரொக்கமாகத் திருப்பவும் கூடாது.

கூலி பற்றிச் சுருக்கமாக: பத்துப் பேர் ஆனால் இ.எஸ்.ஐ., இருபது பேர் ஆனால் பி.எஃப். கிலோ கணக்குக் கூலி வாங்கும் பெண்களும் அந்த எண்ணிக்கையில் சேர்வார்கள். அவர்கள் கூலியில் பிடித்ததை அடுத்த மாதம் 15-க்குள் கட்டுங்கள். 2026 மார்ச் வரையிலான கணக்குகளில் ஒரு நாள் பிந்தினாலும் அந்தத் தொகையைக் கம்பெனியின் வருமானமாகச் சேர்த்து வரி போட்டார்கள். பிறகு கட்டினாலும் கழிவு கிடைக்காது என்று அந்தப் பழைய சட்டத்துக்கு 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்திருந்தது. கான்ட்ராக்டருக்கு ஒரே தடவையில் 30,000 ரூபாயோ வருஷத்தில் ஒரு லட்சமோ தாண்டினால் டி.டி.எஸ். (கொடுக்கும்போதே கழிக்கும் வருமான வரி) பிடித்து அடுத்த மாதம் 7-க்குள் கட்ட வேண்டும். டின் செய்து தரும் பட்டறை உத்யம் (மத்திய அரசின் சிறு தொழில்) பதிவுள்ள குறு, சிறு நிறுவனம் என்றால் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுத்துவிடுங்கள். மார்ச் 31-இல் கெடு தாண்டி நின்றால் அந்தச் செலவை அந்த வருஷம் கழிக்க முடியாது. 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறையில் இருப்பதால் பழைய பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறிவிட்டன. பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டு பேசாதீர்கள்.

எழுதும் மென்பொருளில் திருத்தப் பதிவு வசதி இருந்தாக வேண்டும்: யார், எப்போது, எதை மாற்றினார் என்பது அழியாமல் நிற்க வேண்டும், அதை அணைக்கவும் முடியக்கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளுக்கு இது கட்டாயம், ஆடிட்டர் தன் அறிக்கையில் இதைப் பற்றி எழுதுவார். பழைய டேலியை நண்பரிடம் வாங்கிப் போட்டால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள். வவுச்சர்களோடு கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுக்கு வைத்திருக்க வேண்டும். பெட்ரோல் பங்க்கிலும் எடை மேடையிலும் தரும் வழவழப்புக் காகிதச் சீட்டுகள் சில மாதத்தில் வெளுத்துவிடும், வாங்கிய அன்றே நகல் எடுத்து வவுச்சரோடு ஒட்டுங்கள்.

வருஷம் முடிந்த பிறகு வருவது: முதல் ஆண்டுப் பொதுக்கூட்டம் ஒன்பது மாதத்துக்குள், அதாவது டிசம்பர் 31-க்குள், அடுத்த வருஷங்களில் செப்டம்பர் 30-க்குள். கூட்டம் முடிந்து 30 நாளில் ஏ.ஓ.சி.-4 (நிதிநிலை அறிக்கைப் படிவம்), 60 நாளில் எம்.ஜி.டி.-7ஏ (ஆண்டு ரிட்டர்ன்). பிந்தினால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு இல்லை. தொடர்ந்து மூன்று நிதியாண்டு விட்டால் டைரக்டர்கள் ஐந்து வருஷத்துக்கு எந்தக் கம்பெனியிலும் டைரக்டராக நியமனம் பெற முடியாது.

கையில் இருக்கும் ஐந்து மாதத்து பில் கட்டை இப்போது இந்த வரிசையில் எழுதுங்கள். முதலில் வங்கி ஸ்டேட்மென்ட்டை முதல் வரி முதல் கடைசி வரி வரை ஏற்றி, யாருக்கு எதற்கு என்று தெரியாததை எல்லாம் ‘தற்காலிகம்’ என்ற ஒரே தலைப்பில் போடுங்கள். அடுத்து நீங்கள் போட்ட விற்பனை பில்களை நம்பர் வரிசையில் ஏற்றுங்கள்; நடுவில் ஒரு நம்பர் விட்டுப்போயிருந்தால் அந்தப் பில்லைத் தேடி எடுங்கள், ரத்து செய்ததாக இருந்தால் அதையும் வைத்திருக்க வேண்டும். மூன்றாவது கொள்முதல், 2பி-யோடு ஒத்துப் பார்த்து. நான்காவது ரொக்க வவுச்சர்கள், தேதி வரிசையில். பிறகு ‘தற்காலிகம்’ தலைப்பைத் திறந்து மூன்று டைரக்டர்களும் சேர்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தீருங்கள். அது பூஜ்யத்துக்கு வரும் வரை எழுந்திருக்காதீர்கள். சரக்கை இன்று எடை போட்டு, இன்றைய தேதி போட்டு எழுதுங்கள். ஐந்து மாதம் முந்தைய தேதிகளுக்கு லாட் பதிவேட்டை ஊகித்து நிரப்ப வேண்டாம். எடைச் சீட்டும் கூலிச் சிட்டையும் இருக்கும் லாட்டுகளை அவற்றை வைத்து எழுதி, இல்லாத இடத்தில் ‘பதிவு இல்லை’ என்றே எழுதி வைத்து, ஆடிட்டரிடமும் அதையே சொல்லுங்கள்.